கால்பந்து கிளப் பகை: எப்படி முளைக்கிறது, எப்போது தணிகிறது, எதை வைத்து அளப்பது?

பாளையங்கோட்டையில் சாயங்காலம் டர்ஃப் வாடகைக்கு எடுத்து விளையாடுகிற பையன்கள் யாராவது "இந்த வாரம் பெரிய டெர்பி இருக்கு" என்று சொன்னால், எந்த ஆட்டம் என்று திரும்பக் கேட்க வேண்டியிருக்கிறது. செல்சீயும் லிவர்பூலும் ஆடினாலும் டெர்பி, ரியல் மாட்ரிடும் பேயர்ன் மியூனிக்கும் ஆடினாலும் டெர்பி. இரண்டு பெரிய கிளப் மோதினால் போதும், பரம வைரிகள் என்று முடிவு கட்டிவிடுகிறோம். போதாக்குறைக்கு உலகத்தின் பத்துப் பெரிய பகைகள் என்று வரிசை போடும் காணொளிகள் வேறு. ஒவ்வொன்றிலும் வரிசை ஒவ்வொரு மாதிரி. எதை வைத்து அளந்தார்கள் என்று மட்டும் யாரும் சொல்வதில்லை.

இந்தப் பேச்சில் மூன்று தவறான எண்ணங்கள் கலந்து கிடக்கின்றன. கிளப் பெரிதானால் பகையும் பெரிதாக இருக்கும் என்பது ஒன்று. பகை என்றால் வெறும் வெறுப்பு என்பது இன்னொன்று. ஒரு தடவை பகை வந்துவிட்டால் காலத்துக்கும் இருக்கும் என்பது மூன்றாவது. மூன்றும் சரியில்லை. ஏன் சரியில்லை என்று கால்பந்தே தெரியாதவர்களுக்கும் புரிகிற மாதிரி சொல்லிப் பார்க்கிறேன்.

முதலில் கபடி

நம்ம பக்கத்தில் கோயில் கொடையை ஒட்டியும் பொங்கலை ஒட்டியும் மின்னொளி கபடிப் போட்டி நடக்கும். வெளியூரிலிருந்து போலீஸ் அணி போன்ற பெரிய அணிகளும் வரும். அவர்கள் நம்மூர்ப் பையன்களை இருபது புள்ளி வித்தியாசத்தில் தோற்கடித்தாலும் யாரும் வருத்தப்படுவதில்லை. "என்னா பிடி பிடிக்கான் பாரு" என்று கைதட்டிவிட்டு வீட்டுக்குப் போய்விடுவார்கள். ஆனால் இரண்டு கிலோமீட்டர் தள்ளி இருக்கிற பக்கத்து ஊர் அணி ஒரே ஒரு புள்ளியில் ஜெயித்துவிட்டால் அந்தப் பேச்சு அடுத்த கொடை வரை ஓடும்.

காரணம் எளிது. போலீஸ் அணியோடு நம்மை நாம் ஒப்பிட்டுக்கொள்வதே இல்லை. பக்கத்து ஊரோடு ஒப்பிட்டுக்கொள்ளாமல் இருக்க முடியாது. அதே பஸ்ஸில் ஏறுகிறார்கள், அதே சந்தைக்கு வருகிறார்கள், பெண் கொடுத்து எடுத்த சொந்தமும் உண்டு. ஜெயித்தவன் முகத்தை மறுநாள் காலையில் டீக்கடையில் பார்த்தே ஆக வேண்டும். ஆள் பலமும் ஏறக்குறைய ஒன்றுதான். ஒரு வருஷம் அவர்கள், ஒரு வருஷம் நாம். எப்போதோ ஒரு வருஷம் கடைசி நிமிஷத்தில் நடுவர் ஊதிய விசில் சரியா தவறா என்பது இன்னும் தீரவில்லை. அன்று ஆடியவர் இன்று மாமா ஆகிவிட்டார். அவர் அந்தக் கதையை மருமகனுக்குச் சொல்கிறார், கொஞ்சம் கூட்டியும் சொல்கிறார்.

கால்பந்து கிளப் பகைக்கும் சரக்கு இதேதான். நெருக்கம், சமபலம், தீராத கணக்கு, அந்தக் கணக்கை அடுத்த தலைமுறைக்குக் கடத்த ஆள். முதல் மூன்றில் ஒன்று குறைந்தாலும் மற்றவை கொஞ்ச காலம் தாங்கும். கடைசியது இல்லாவிட்டால் எதுவும் நிற்காது.

டெர்பி வேறு, பகை வேறு

டெர்பி என்றால் ஒரே நகரத்து அணிகளோ பக்கத்துப் பக்கத்து ஊர் அணிகளோ ஆடும் ஆட்டம். அது இடத்தைப் பற்றிய விஷயம், அவ்வளவுதான். பகை என்பது இரண்டு அணிகளின் ரசிகர்கள் ஒருவரையொருவர் அளவுகோலாக வைத்துக்கொள்கிற உறவு. "நாம் யார்" என்று சொல்வதற்கே எதிரில் அந்த இன்னொரு அணி வேண்டியிருந்தால் அது பகை. பெரும்பாலான டெர்பிகளில் பகை இருக்கும். எல்லாப் பகையும் டெர்பி ஆகாது. ரியல் மாட்ரிடுக்கும் பார்சிலோனாவுக்கும் நடுவே ஐந்நூறு கிலோமீட்டருக்கு மேல் இருக்கிறது. அங்கே ஸ்பெயின் தலைநகரமான மாட்ரிடுக்கும் பார்சிலோனா இருக்கிற கட்டலோனியாவுக்கும் உள்ள அரசியல் வழக்கு, ஊர் நெருக்கம் செய்கிற வேலையைச் செய்கிறது.

பகை வருவதற்குப் பழைய விரோதம் ஏதாவது இருந்தே ஆக வேண்டுமா என்றால், வேண்டியதில்லை. 1954-ல் அமெரிக்காவின் ஓக்லஹோமாவில் ராபர்ஸ் கேவ் என்ற இடத்தில் முசாபர் ஷெரீஃப் என்ற உளவியலாளர் ஒரு சோதனை செய்தார். ஒருவரையொருவர் முன்பின் தெரியாத, ஒரே மாதிரி குடும்பங்களைச் சேர்ந்த 22 சிறுவர்களை இரண்டு குழுவாகப் பிரித்து முகாமில் விட்டார். குழுக்கள் தங்களுக்குக் கழுகுகள் என்றும் ராட்லர்ஸ் என்றும் பெயர் வைத்துக்கொண்டன. பிறகு பேஸ்பால், வடம் இழுத்தல் என்று பரிசு வைத்துப் போட்டி நடந்தது. சில நாட்களிலேயே ஒரு குழு மற்ற குழுவின் கொடியை எரித்தது, தங்கும் இடத்துக்குள் புகுந்து கலைத்துப்போட்டது. மதம், மொழி, பரம்பரைச் சண்டை எதுவும் அங்கே கிடையாது. ஒரு பெயர், ஒரு கொடி, இரண்டு பேரும் விரும்புகிற ஒரே பரிசு, இவ்வளவே போதுமாக இருந்தது. அந்தச் சோதனை நடத்தப்பட்ட முறையைப் பிற்பாடு பலர் விமர்சித்ததும் உண்டு. ஆனாலும் பகை முளைக்க எவ்வளவு கொஞ்சம் போதும் என்று காட்ட இதைவிட எளிய உதாரணம் எனக்குக் கிடைக்கவில்லை.

இதுவரை சொன்னதைச் சுருக்கினால்: டெர்பி என்பது தூரம். பகை என்பது ஒப்பீடு. ஒப்பீடு தொடங்கப் பெரிய காரணம் வேண்டியதில்லை, தொடர்ந்து நிலைக்கத்தான் காரணம் வேண்டும்.

கொல்கத்தா: ஒரு ஆளை ஆட்டத்தில் எடுக்காததில் தொடங்கியது

நம் நாட்டிலேயே இதற்கு முழுப் பாடம் இருக்கிறது. மோகன் பகான் 1889-ல் தொடங்கிய கிளப். 1911-ல் ஐ.எஃப்.ஏ. ஷீல்டு என்ற கோப்பையின் இறுதியில் ஈஸ்ட் யார்க்‌ஷயர் ரெஜிமென்ட் என்ற ஆங்கிலேயப் படை அணியை 2-1 என்று தோற்கடித்து நாடு முழுக்கப் பெயர் வாங்கியது. அப்போது அதற்கு எதிராளி வெள்ளைக்காரன்தான். ஈஸ்ட் பெங்கால் என்ற கிளப்பே அன்று கிடையாது.

1920 ஜூலையில் ஜோராபகான் என்ற இன்னொரு அணிக்கும் மோகன் பகானுக்கும் ஆட்டம். ஜோராபகான் அணியில் சைலேஷ் போஸ் என்ற வீரரைச் சேர்க்கவில்லை. கிழக்கு வங்கத்துக்காரர் என்பதால் ஒதுக்கிவிட்டார்கள் என்று பேச்சு எழுந்தது. கிளப்பின் துணைத் தலைவர் சுரேஷ் சந்திர சௌத்ரி கோபித்துக்கொண்டு வெளியேறினார். ஆகஸ்ட் 1-ம் தேதி, அதாவது சில நாட்களுக்குள்ளேயே, ஈஸ்ட் பெங்கால் கிளப் பிறந்துவிட்டது. கோபம் ஜோராபகான் மேல். ஆனால் பகை வளர்ந்தது மோகன் பகானோடு. கொஞ்ச காலத்தில் ஜோராபகானை யாரும் நினைப்பதுகூட இல்லை. புதிய கிளப் தன்னை ஒப்பிட்டுக்கொள்ள ஊரிலேயே பெரிய ஆளைத் தேர்ந்தெடுத்தது.

1925-ல் கல்கத்தா லீக்கில் இரண்டும் முதல் தடவையாக மோதின; ஈஸ்ட் பெங்கால் 1-0 என்று ஜெயித்தது. அப்போதும் இது ஊர் அளவிலான சண்டைதான். அதை வேறு உயரத்துக்குக் கொண்டுபோனது 1947. பிரிவினையில் கிழக்கு வங்கத்திலிருந்து லட்சக்கணக்கானவர்கள் வீட்டையும் நிலத்தையும் விட்டுவிட்டுக் கொல்கத்தாவுக்கு வந்தார்கள். வந்த இடத்தில் அவர்களுக்கு 'பாங்கால்' என்று பெயர். ஏற்கெனவே இருந்தவர்கள் 'கோட்டி'. பேச்சு வேறு, சமையல் வேறு, வேலைக்கும் இடத்துக்கும் போட்டி. விட்டுவிட்டு வந்த ஊரின் பெயரையே தாங்கிய ஒரு கிளப் மைதானத்தில் ஆடும்போது அகதிக் குடியிருப்பில் இருந்தவருக்கு அது எப்படி இருந்திருக்கும் என்று யோசித்துப் பாருங்கள். ஈஸ்ட் பெங்கால் ஜெயித்தால் வீட்டில் ஹில்சா மீன், மோகன் பகான் ஜெயித்தால் இறால் என்று பகை அடுப்படி வரைக்கும் போனது. (திருச்செந்தூர், உடன்குடி பக்கத்து ஆட்கள் இதைக் கேட்டால், மீனுக்காகவே தினம் ஒரு மேட்ச் வைக்கலாமே என்பார்கள்.)

உச்சமும் உண்டு, இருட்டும் உண்டு. 1980 ஆகஸ்ட் 16 அன்று ஈடன் கார்டன்ஸில் இந்த ஆட்டத்தின்போது ஏற்பட்ட கலவரத்திலும் நெரிசலிலும் 16 ரசிகர்கள் இறந்தார்கள். 1997-ல் சால்ட் லேக் மைதானத்தில் நடந்த ஃபெடரேஷன் கோப்பை அரையிறுதிக்கு 1,30,000-க்கும் மேற்பட்டவர்கள் வந்தார்கள். பாய்ச்சுங் பூட்டியா மூன்று கோல் போட, ஈஸ்ட் பெங்கால் 4-1 என்று வென்றது.

2024 ஆகஸ்டில் நடந்ததையும் சொல்ல வேண்டும். ஆர்.ஜி. கர் மருத்துவமனையில் இளம் பெண் மருத்துவர் வன்கொடுமை செய்யப்பட்டுக் கொல்லப்பட்டதை ஒட்டி நகரமே கொதித்துக்கொண்டிருந்தது. ஆகஸ்ட் 18 அன்று நடக்கவிருந்த டூரண்ட் கோப்பை டெர்பி ரத்து செய்யப்பட்டது. ஆட்டம் இல்லாத அந்த நாளில் இரண்டு கிளப்பின் ரசிகர்களும் மைதானத்துக்கு வெளியே ஒன்றாகக் கூடி நீதி கேட்டார்கள். அதே நகரத்தின் இன்னொரு பழைய கிளப்பான முகமதன் ஸ்போர்ட்டிங்கின் ரசிகர்களும் சேர்ந்துகொண்டார்கள். நூறு வருஷப் பகையாளிகள் கொடிகளை ஒன்றாகப் பிடித்து நின்றார்கள். பகை என்றால் வெறுப்பு மட்டும்தான் என்று சொல்கிறவர்களுக்கு இந்த நாளைத்தான் நான் காட்டுவேன். ராபர்ஸ் கேவிலும் இது நடந்தது. முகாமுக்குத் தண்ணீர் வருவது நின்றுபோனது போன்ற, இரண்டு குழுவும் சேர்ந்தால்தான் தீர்க்க முடிகிற சிக்கல்களை ஷெரீஃப் உண்டாக்கினார். சேர்ந்து வேலை செய்யச் செய்ய விரோதம் தணிந்தது.

காரணமே இல்லாமல் வந்த பகை

கொல்கத்தாவைப் பார்த்துவிட்டு, பெரிய வரலாறு இல்லாமல் பகை வராது என்று நினைத்துவிடக் கூடாது. இங்கிலாந்தில் பிரைட்டனும் கிரிஸ்டல் பேலஸும் இருக்கின்றன. ஒன்று கடலோர ஊர், மற்றொன்று தெற்கு லண்டன். நடுவே சுமார் 70 கிலோமீட்டர், திருநெல்வேலியிலிருந்து நாகர்கோவில் போகிற தூரத்தைவிடக் கொஞ்சம் குறைவு. மதமும் இல்லை, அரசியலும் இல்லை. பேலஸுக்கு லண்டனிலேயே பக்கத்து வீட்டு அணிகள் எத்தனையோ உண்டு.

1976-ல் இரண்டு அணியும் மூன்றாம் டிவிஷனில், அதாவது லீக்கின் மூன்றாம் அடுக்கில், இருந்தன. அந்த வருஷம் பிரைட்டனுக்கு ஆலன் முல்லரியும் பேலஸுக்கு டெரி வெனபிள்ஸும் மேலாளர்களாக வந்தார்கள். இருவரும் டாட்டனம் அணியில் ஒன்றாக ஆடியவர்கள், அவ்வளவாக ஒத்துப்போகாதவர்கள். அந்த ஒரே சீசனில் இரண்டு அணிகளும் ஐந்து தடவை மோதின. எஃப்.ஏ. கோப்பையில் முதல் ஆட்டம் டிரா, மறு ஆட்டமும் டிரா. மூன்றாவது ஆட்டத்தில் பேலஸ் 1-0 என்று முன்னால் இருந்தபோது பிரைட்டனுக்கு ஒரு பெனால்டி கிடைத்து கோலும் விழுந்தது. பந்தை அடிக்கும் முன்பே யாரோ கோலுக்கு முன்னால் இருக்கிற பெனால்டி பெட்டிக்குள் ஓடி வந்துவிட்டார் என்று நடுவர் மறுபடி அடிக்கச் சொன்னார். இரண்டாவது அடியைக் கோல்கீப்பர் பிடித்துவிட்டார். பிரைட்டன் வெளியேறியது. முல்லரி கொதித்துப்போனார். அத்தனையும் ஒரு விசில். அன்றைக்குப் பிறக்காதவர்கள்கூட இன்றைக்கு அந்த நடுவரைத் திட்டுகிறார்கள்.

அதே சீசனில் இரண்டும் ஒன்றாக இரண்டாம் டிவிஷனுக்கு ஏறின. 1979-ல் முதல் டிவிஷனுக்கும் ஒன்றாகவே ஏறின. பேலஸின் பட்டப்பெயர் கழுகுகள். அதற்குப் பதிலடியாக பிரைட்டன் ரசிகர்கள் தங்களைக் கடற்காகங்கள் என்று அழைத்துக்கொள்ள ஆரம்பித்தார்கள், அந்தப் பெயரே நிலைத்தது. கிளப் பகைகளில் எனக்கு மிகவும் பிடித்தது இதுதான். அடிக்கடி சந்திப்பு, சமபலம், ஒரு அநியாயம் என்று மூன்றும் கையைக் கோத்தால் ஒன்றுமில்லாததிலிருந்து ஒரு பகையைக் கட்டி எழுப்பிவிடலாம் என்பதற்கு இதைவிட நல்ல சாட்சி வேண்டியதில்லை.

நம் பக்கத்திலும் இதே வேலை நடந்துகொண்டிருக்கிறது. 2023 மார்ச் 3 அன்று பெங்களூருவில் இந்தியன் சூப்பர் லீக்கின் (ஐ.எஸ்.எல்.) நாக்அவுட் ஆட்டம், தோற்றால் வெளியே. கூடுதல் நேரத்தில், கேரளா பிளாஸ்டர்ஸ் வீரர்கள் தயாராகும் முன்னே பெங்களூரு எஃப்.சி.யின் சுனில் சேத்ரி ஃப்ரீகிக்கைச் சட்டென்று அடித்து கோலாக்கினார். நடுவர் ஒத்துக்கொண்டார். பிளாஸ்டர்ஸ் மொத்த அணியும் ஆட்டத்தை விட்டு வெளியேறிவிட்டது. கிளப்புக்கு நான்கு கோடி ரூபாய் அபராதம், பயிற்சியாளருக்குப் பத்து ஆட்டங்கள் தடை. அடுத்த முப்பது வருஷத்துக்கு மாமா மருமகனுக்குச் சொல்லக் கதை தயார்.

பகை வேறு எதன் மேலோ ஏறிக்கொள்ளும்போது

கிளாஸ்கோவில் ரேஞ்சர்ஸ் 1872-ல் தொடங்கியது. செல்டிக் 1887-ல், ஐரிஷ் கத்தோலிக்க ஏழைகளுக்கு உதவ நிதி திரட்டுவதற்காக ஒரு துறவி முன்னின்று தொடங்கியது. 1888-ல் இரண்டும் ஆடிய முதல் ஆட்டம் நட்பு ஆட்டம். செல்டிக் 5-2 என்று ஜெயித்தது. ஆரம்பத்தில் விரோதம் ஒன்றும் பெரிதாக இல்லை. காலம் போகப் போக, அயர்லாந்து அரசியலும் வேலைவாய்ப்புப் போட்டியும் சேர்ந்து, செல்டிக்கின் பச்சை என்றால் கத்தோலிக்கர், ரேஞ்சர்ஸின் நீலம் என்றால் புராட்டஸ்டண்ட் என்று ஆகிவிட்டது. கத்தோலிக்க வீரர் என்று தெரிந்தே ஒருவரை எடுக்க ரேஞ்சர்ஸ் பல பத்தாண்டுகள் தயங்கியது. 1989-ல் முன்பு செல்டிக்கில் ஆடிய மோ ஜான்ஸ்டனை எடுத்தபோது இரண்டு பக்கமும் கொந்தளித்தது.

நிறத்தைப் பார்த்து ஆளை எடைபோடுவது என்றால் என்ன என்று திருநெல்வேலிச் சீமையில் யாருக்கும் விளக்க வேண்டியதில்லை. பள்ளிப் பிள்ளைகள் கையில் கட்டுகிற கயிற்றின் நிறம் சாதியைச் சொல்கிறது என்பதற்காக அரசு சுற்றறிக்கை விட வேண்டியிருந்தது. நாங்குநேரியில் 2023-ல் மாணவன் ஒருவன் வீடு புகுந்து வெட்டப்பட்ட பிறகு அமைக்கப்பட்ட நீதிபதி சந்துரு குழுவும் அந்தக் கயிறுகளைத் தடைசெய்யப் பரிந்துரைத்தது. கபடிப் போட்டியில் பக்கத்து ஊரோடு வரும் சாதாரண முறுக்கலும் இதன் மேல் ஏறிவிட்டால் என்ன ஆகும் என்று போலீஸ் காவலோடு கொடை நடத்துகிற ஊர்க்காரர்களுக்குத் தெரியும்.

ஆகவே இதில் இரண்டு வகையைப் பிரித்துப் பார்க்க வேண்டும். பிரைட்டன், பேலஸ் பகை ஆட்டத்துக்குள்ளேயே பிறந்தது. ஆட்டம் முடிந்தால் பெரும்பாலும் அதுவும் வீட்டுக்குப் போய்விடும். கிளாஸ்கோ பகை ஊரில் ஏற்கெனவே இருந்த பிளவின் மேல் ஏறி உட்கார்ந்துகொண்டது. அங்கே ஆட்டம் ஒரு சாக்கு. கிளப்கள் எவ்வளவு பிரசாரம் செய்தாலும் ஊரின் பிளவு தணிகிற வேகத்தில்தான் மைதானமும் தணியும்.

எப்போது தணியும்?

1996 முதல் 2004 வரை ஒன்பது சீசன்களில் இங்கிலாந்தின் பிரீமியர் லீக் பட்டத்தை மான்செஸ்டர் யுனைடெட், ஆர்சனல் தவிர வேறு யாரும் தொடவில்லை. ஒரு பக்கம் யுனைடெட் மேலாளர் ஃபெர்குசன், மறு பக்கம் ஆர்சனல் மேலாளர் வெங்கர். களத்தில் யுனைடெட்டின் ராய் கீனும் ஆர்சனலின் பாட்ரிக் வியேராவும். 2004 அக்டோபரில் ஆர்சனலின் 49 ஆட்டத் தோல்வியில்லாத ஓட்டத்தை யுனைடெட் முடித்து வைத்தபோது, ஆட்டம் முடிந்து போகும் வழியில் ஃபெர்குசன் மேல் பீட்சாத் துண்டு பறந்தது. அந்த நாட்களில் இதைவிடப் பெரிய பகை இங்கிலாந்தில் இல்லை என்றே எல்லாரும் பேசினார்கள்.

2005-ல் செல்சீ பட்டம் வென்றது. ஆர்சனல் புது மைதானக் கடனில் வீரர்களை விற்க ஆரம்பித்தது. சமபலம் போய்விட்டது. 2012-ல் ஆர்சனல் தன் கேப்டன் ராபின் வான் பெர்சியையே யுனைடெடுக்கு விற்றது! 2004-ல் யாராவது இதைச் சொல்லியிருந்தால் சிரித்திருப்பார்கள். இரண்டும் வேறு வேறு நகரம். ரசிகர்கள் தினமும் முகத்தில் முழிப்பதில்லை. பகையைத் தாங்கி நின்றது சமபலம் என்ற ஒரே தூண். அது சாய்ந்ததும் எல்லாம் சாய்ந்தது.

இதற்கு நேர் எதிர் கதை ரேஞ்சர்ஸ். 2012-ல் கடனில் மூழ்கி, ஸ்காட்லாந்தின் நான்காம் அடுக்கிலிருந்து மறுபடி தொடங்க வேண்டிய நிலை வந்தது. நான்கு சீசன்கள் லீக்கில் செல்டிக்கோடு ஒரு ஆட்டம்கூட இல்லை. சமபலம் இல்லை, சந்திப்பு அரிது. ஆனாலும் 2016-ல் திரும்பி வந்தபோது சூடு அப்படியே இருந்தது (அந்த முதல் லீக் ஆட்டத்தில் செல்டிக் 5-1 என்று ஜெயித்தது வேறு விஷயம்). ஒரே நகரம், ஒரே அலுவலகம், ஒரே மதுக்கடை. ஆட்டம் நின்றாலும் அக்கம்பக்கம் நிற்கவில்லை.

மூன்றாவது ஒரு வழியும் உண்டு, மெதுவாகத் தேய்வது. கொல்கத்தாவின் முகமதன் ஸ்போர்ட்டிங் 1934 முதல் 1938 வரை ஐந்து வருஷம் தொடர்ந்து கல்கத்தா லீக்கை வென்ற அணி. அந்தக் காலத்தில் மோகன் பகானுக்குப் பெரிய எதிராளி அதுதான். பிரிவினைக்குப் பிறகு அதன் ரசிகர் கூட்டமும் வசதியும் குறைந்தன, பிற்பாடு கீழ் டிவிஷன்களுக்கும் போனது. மற்ற இரண்டும் ஒன்றையொன்று பார்த்துக்கொண்டன. 2024-ல் ஐ.எஸ்.எல்.லுக்கு ஏறியபோது இளைஞர்கள் பலருக்கு அது புது அணி மாதிரிதான் தெரிந்தது.

சுருக்கம்: சமபலம் மட்டுமே ஆதாரம் என்றால் பகை சீக்கிரம் போகும். நெருக்கம் ஆதாரம் என்றால் நீடிக்கும். கதை சொல்ல ஆள் குறைந்தால், எவ்வளவு பழையதானாலும் தேயும்.

சரி, எது பெரிது என்று எப்படிச் சொல்வது?

ஒரே எண்ணில் சொல்ல முடியாது. ஆனால் ஒழுங்காகக் கேள்வி கேட்கலாம். அமெரிக்காவில் டேவிட் டைலர், ஜோ காப்ஸ் என்ற இரண்டு ஆய்வாளர்கள் எளிய முறை ஒன்றைப் பயன்படுத்துகிறார்கள். ரசிகரிடம் 100 புள்ளிகளைக் கொடுத்து, உங்கள் அணியின் எதிராளிகளுக்குப் பகையின் அளவுக்கு ஏற்பப் பிரித்துக் கொடுங்கள் என்பார்கள். ஒருவர் 90 புள்ளியை ஒரே அணிக்குக் கொடுப்பார், இன்னொருவர் நாலைந்து அணிகளுக்குப் பிரிப்பார்.

இதைச் செய்தவுடன் முதலில் தெரிவது, பகை இரண்டு பக்கமும் ஒரே அளவில் இருப்பதில்லை என்பது. இதை ஒருதலைப் பகை எனலாம். இங்கிலாந்தின் லீட்ஸ் அணி ரசிகரைக் கேட்டால் பெரும் பங்கை மான்செஸ்டர் யுனைடெடுக்குத் தூக்கிக் கொடுப்பார். யுனைடெட் ரசிகருக்கோ லிவர்பூலும் மான்செஸ்டர் சிட்டியும் முன்னால் நிற்கும். மிச்சம் இருந்தால்தான் லீட்ஸ். 2004-ல் பிரீமியர் லீக்கிலிருந்து கீழே இறங்கிய லீட்ஸ் மேலே வர 2020 ஆனது. அந்த 16 வருஷமும் லீட்ஸ் மறக்கவில்லை, யுனைடெடுக்கு மறக்க நிறைய வேலை இருந்தது. இரண்டு பக்கமும் பெரும் பங்கை ஒருவருக்கொருவர் கொடுத்துக்கொள்வதுதான் இறுகிய பகை.

வன்முறையை வைத்து அளப்பதிலும் எனக்கு உடன்பாடில்லை. அர்ஜென்டினாவின் புவனஸ் ஏரிஸில் போகாவும் ரிவர் பிளேட்டும் லா போகா என்ற ஒரே துறைமுகப் பேட்டையில் பிறந்தவை. ரிவர் பிற்பாடு வடக்கே வசதியான பகுதிக்குப் போய், பணத்தைக் கொட்டி வீரர்களை வாங்கியதில் கோடீஸ்வரர்கள் என்று பெயர் எடுத்தது. 2018-ல் தென் அமெரிக்கக் கிளப்கள் மோதுகிற கோப்பா லிபர்டடோரஸ் இறுதியின் இரண்டாம் ஆட்டத்துக்கு வந்த போகா பஸ்ஸை ரிவர் ரசிகர்கள் தாக்கியதால், ஆட்டத்தைக் கடல் தாண்டி மாட்ரிடில் நடத்த வேண்டியிருந்தது. ரிவர் 3-1 என்று வென்றது. அந்தக் கல்வீச்சில் பகையின் ஆழம் எவ்வளவு, போலீஸ் ஏற்பாட்டின் ஓட்டை எவ்வளவு என்று யாரால் பிரித்துச் சொல்ல முடியும்?

லிவர்பூல் நகரத்தை எடுத்துக்கொள்ளுங்கள். எவர்ட்டன் அணிதான் முதலில் ஆன்ஃபீல்டில் ஆடியது. மைதான வாடகைத் தகராறில் 1892-ல் அது வெளியேற, காலியான மைதானத்துக்காகத் தொடங்கப்பட்டதுதான் லிவர்பூல் கிளப். வீட்டுக்காரருக்கும் குடியிருந்தவருக்கும் வந்த சண்டை. ஆனால் அங்கே ஒரே வீட்டில் அண்ணன் சிவப்பு (லிவர்பூல்), தம்பி நீலம் (எவர்ட்டன்) என்று இருப்பார்கள். 1989-ல் நடந்த ஹில்ஸ்பரோ மைதான நெரிசல் மொத்தம் 97 லிவர்பூல் ரசிகர்களின் உயிரைப் பறித்தது; அப்போது நீலச் சட்டைக்காரர்களும் சேர்ந்து அழுதார்கள். 'நட்பு டெர்பி' என்றே அதற்குப் பெயர் இருந்தது. அதே ஆட்டத்தில்தான் பிரீமியர் லீக் வரலாற்றில் அதிகச் சிவப்பு அட்டைகளும் காட்டப்பட்டிருக்கின்றன. இதை எந்தப் பட்டியலில் எத்தனாவது இடத்தில் வைப்பீர்கள்?

தூரத்து ரசிகரின் பகை

கடைசியாக நம்ம விஷயம். மான்செஸ்டருக்கும் லிவர்பூலுக்கும் பகை ஏன் என்றால், ஒன்று பஞ்சாலை நகரம், மற்றொன்று துறைமுக நகரம். நடுவே கிட்டத்தட்ட திருநெல்வேலி, தூத்துக்குடி தூரம். துறைமுகக் கட்டணம் தாங்காமல் மான்செஸ்டர் 1894-ல் கப்பல் போகிற அளவுக்குக் கால்வாய் வெட்டிக் கடலைத் தன் வாசலுக்கே கொண்டுவந்தது. அப்புறம் லீக் பட்டங்களின் எண்ணிக்கையில் போட்டி. இன்றைக்கு இரண்டுக்கும் இருபது இருபது. இதில் எதுவும் மேலப்பாளையத்திலோ பெருமாள்புரத்திலோ இருக்கிற லிவர்பூல் ரசிகனைத் தொட்ட விஷயம் இல்லை. ஆனாலும் யுனைடெட் தோற்றால் அவனுக்கு வருகிற சந்தோஷம் போலி இல்லை.

எப்படி என்றால், அவனுடைய உண்மையான எதிராளி மான்செஸ்டரில் இல்லை. அதே வகுப்பில், அதே டர்ஃபில், அதே வாட்ஸ்அப் குழுவில் யுனைடெட் ஜெர்சி போட்டுக்கொண்டு இருக்கிறான். காலையில் "என்னல, தூங்கினியா?" என்று கேட்கப்போவது அவன்தான். ஐயாயிரம் மைலுக்கு அப்பால் நடக்கிற ஆட்டத்துக்கு இங்கே ஒரு பக்கத்து ஊர் கிடைத்துவிடுகிறது. கதையை இரவல் வாங்கலாம், நெருக்கத்தை மட்டும் உள்ளூரிலேயே செய்துகொள்ள வேண்டும்.

உள்நாட்டு லீக்கில் நம்ம நிலைமை இன்னும் வேடிக்கை. மாநிலத்துக்கு அணி சென்னையின் எஃப்.சி.; 2015-லும் 2017-18-லும் பட்டம் வென்றது. 2014-ல் முதல் சீசன் அரையிறுதியிலேயே கேரளா பிளாஸ்டர்ஸ் அதை 4-3 என்ற மொத்தக் கணக்கில், கூடுதல் நேரத்தின் கடைசி நிமிஷங்களில் அடித்த கோலால் வெளியேற்றியது. பழைய கணக்குக்குக் குறைவில்லை. ஆனால் தென்காசி, செங்கோட்டைப் பக்கத்துக் கால்பந்துப் பையனுக்குச் சென்னையைவிடக் கொச்சிதான் கிட்டே. பாலருவி எக்ஸ்பிரஸ் ஏறினால் எர்ணாகுளம். பிளாஸ்டர்ஸின் மஞ்சள் ஜெர்சியை அங்கே சாதாரணமாகப் பார்க்கலாம். அதே தெருவில் சென்னையின் நீலச் சட்டையும் இருக்கும். அந்த மஞ்சள் சட்டைக்காரனிடம் 100 புள்ளியைக் கொடுத்துப் பாருங்கள். சேத்ரியின் ஃப்ரீகிக்குக்காகப் பெங்களூருக்கு எவ்வளவு கொடுப்பான், எதிர் வீட்டுச் சென்னை ரசிகனுக்காகச் சென்னைக்கு எவ்வளவு கொடுப்பான்? பெங்களூருக்குப் பாதிக்கு மேல் போகும் என்பது என் ஊகம். எதிர் வீட்டுக்காரன் வாய்த்துடுக்கு உள்ளவன் என்றால் கணக்கு மாறலாம்.